விளையாடுபவர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர்: கேம் காணொளிகளும் பதிப்புரிமைக் கோரிக்கைகளும்

யூடியூப்பில் வீடியோ கேம் விளையாடிக் காட்டுபவர்களுக்கு என்றாவது ஒரு நாள் ஒரு மின்னஞ்சல் வந்து சேரும். காணொளியின் இன்ன நிமிடம் முதல் இன்ன நிமிடம் வரையுள்ள பகுதி இன்ன நிறுவனத்துக்கு உரியது, இனி இதன் விளம்பர வருமானம் அந்த நிறுவனத்துக்கே போகும் என்று அதில் இருக்கும். சில வேளைகளில் வருமானத்தைப் பற்றிய பேச்சே இராது. காணொளி நீக்கப்பட்டுவிட்டது, சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக், அதாவது கடும் எச்சரிக்கை, விழுந்திருக்கிறது என்று மட்டும் இருக்கும். இரண்டையும் ‘காப்பிரைட் அடித்துவிட்டார்கள்’ என்றே பேச்சில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் முதலாவது யூடியூப் தானாக அமைத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு. இரண்டாவது அமெரிக்கச் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் நடவடிக்கை. இந்த வேறுபாடு பிடிபட்டால்தான் மற்றவை விளங்கும்.

முதலாவதன் பெயர் கன்டென்ட் ஐடி. 2007-இல் யூடியூப் கொண்டுவந்த இந்த முறையில், பெரிய அளவில் படைப்புகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் இசையையும் காட்சிகளையும் யூடியூப்பிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிடுகின்றன. புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளியையும் கணினி அந்தக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருத்தம் தென்பட்டால், அந்த நிறுவனம் ஏற்கெனவே சொல்லிவைத்தபடி காணொளியை முடக்கும், அல்லது விளம்பரப் பணத்தை அந்த நிறுவனத்தின் பக்கம் திருப்பிவிடும், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் எடுக்கும். இதுதான் ‘கிளெய்ம்’. இதனால் சேனலுக்கு ஆபத்தில்லை. அடி வருமானத்தில்தான் விழும். 2021-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மட்டும் இப்படி 72 கோடிக்கும் அதிகமான கிளெய்ம்கள் பதிவாயின என்று யூடியூப்பே தன் வெளிப்படைத்தன்மை அறிக்கையில் கூறியது. அவற்றில் எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டவை நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் எதிர்த்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குச் சாதகமாகவே முடிவு வந்தது. எதிர்க்காத மற்றவர்களில் எத்தனை பேர் தங்கள் பக்கம் நியாயம் இருந்தும் பேசாமல் விட்டார்கள் என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது.

இரண்டாவது, நீக்கக் கோரிக்கை. டிஎம்சிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிஜிட்டல் மில்லெனியம் காப்பிரைட் சட்டத்தை அமெரிக்கா 1998-இல் இயற்றியது. பயனர்கள் ஏற்றும் பொருள்களுக்காகத் தளங்களின் மீது வழக்குப் போடாதிருக்க வேண்டுமானால், உரிமையாளர் முறைப்படி புகார் அனுப்பியதும் தளம் அந்தப் பொருளை விரைந்து நீக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. புகார் உண்மையா என்று விசாரித்துக்கொண்டிருந்தால் தளம் தன் பாதுகாப்பை இழக்க நேரும். ஆகவே முதலில் நீக்கிவிட்டுப் பிறகு கேட்பதே தளத்துக்கு லாபம். யூடியூப் இதன்மேல் தன் சொந்த விதி ஒன்றையும் வைத்திருக்கிறது: நீக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்ட்ரைக், 90 நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே மூடப்படலாம். பல ஆண்டுகள் ஏற்றிய காணொளிகள் அத்தனையும் அதோடு போய்விடும். கிளெய்முக்கு யாரும் தூக்கத்தைத் தொலைப்பதில்லை. ஸ்ட்ரைக் என்றால் பெரிய சேனல்காரர்களே நடுங்குவது இதனால்தான்.

சரி, காசு கொடுத்து வாங்கிய கேமை, தன் கையால் விளையாடி, தன் குரலில் பேசிப் பதிவுசெய்த காணொளியில் அடுத்தவருக்கு என்ன உரிமை? புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நாம் வாங்கியது ஒரு பிரதியை மட்டுமே. ஒரு திரைப்படத்தின் டிவிடியை விலை கொடுத்து வாங்கியவர் அதை வீட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். கோயில் திருவிழாவில் திரை கட்டி ஊருக்குப் போட்டுக்காட்டும் உரிமை அந்த விலையில் அடங்கவில்லை. கேமும் அப்படித்தான். அதன் உருவங்கள், பின்னணிகள், இசை, வசனம் எல்லாமே பதிப்புரிமை உள்ள படைப்புகள். ‘ஆனால் ஒவ்வொருவர் விளையாடும்போதும் திரையில் வேறு வேறு காட்சிதானே வருகிறது, அதை உருவாக்கியது நானல்லவா’ என்ற வாதமும் பழையதே. கடைகளில் நாணயம் போட்டு விளையாடும் ஆர்கேட் பெட்டிகளின் காலத்திலேயே அமெரிக்க நீதிமன்றங்கள் அதைக் கேட்டுவிட்டன. ‘ஸ்கிராம்பிள்’ என்ற கேமின் நகல் குறித்து 1982-இல் வந்த தீர்ப்பு, விளையாடுபவரின் பங்கு இருந்தாலும் திரையில் மீண்டும் மீண்டும் வரும் காட்சியும் ஒலியும் பாதுகாக்கப்பட்ட படைப்பே என்றது. அடுத்த ஆண்டு வேறொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கேம் விளையாடுவது நாவல் எழுதுவதையோ ஓவியம் தீட்டுவதையோ விடத் தொலைக்காட்சியில் சேனல் மாற்றுவதற்கே நெருக்கமானது என்று சொன்னது. இன்றைய மைன்கிராஃப்டில் ஒருவர் மாதக்கணக்கில் கட்டியெழுப்பும் நகரத்தைப் பார்த்திருந்தால் அந்த நீதிபதிகள் அவ்வளவு எளிதாக அதைச் சொல்லியிருப்பார்களா என்பது ஐயமே. எனினும் அடிப்படை நிலை இதுவரை மாறவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது ‘நியாயமான பயன்பாடு’ என்னும் விதிவிலக்கு. அமெரிக்கச் சட்டம் இதற்கு நான்கு அளவுகோல்களைச் சொல்கிறது: எந்த நோக்கத்துக்காக எடுத்தாண்டார்கள், எடுத்தது எத்தகைய படைப்பு, எவ்வளவு எடுத்தார்கள், அதனால் மூலப் படைப்பின் சந்தைக்கு என்ன பாதிப்பு. இவற்றில் கேம்களைப் பொறுத்தவரை கடைசி அளவுகோலே கனமானது. கட்டுமான கேமையோ பந்தய கேமையோ பிறர் விளையாடக் கண்டவருக்குத் தானும் விளையாட வேண்டும் என்ற ஆசைதான் வரும். அந்தக் காணொளி இலவச விளம்பரமாக அமையும். திரையில் வசனத்தைப் படித்துக்கொண்டே போகும் கதை கேம்களில் நிலைமை நேர்மாறு. கடைசிக் காட்சி வரை யூடியூப்பில் பார்த்து முடித்தவருக்கு அதை வாங்குவதற்கு மிச்சம் எதுவும் இராது. ஜப்பானில் இது குற்றவியல் வழக்காகவே முடிந்தது: ‘ஸ்டெயின்ஸ்;கேட்’ வரிசைக் கதை கேம் ஒன்றை முடிவு வரை காட்டும் காணொளிகளையும், அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் படைப்புகளின் சுருக்கங்களையும் அனுமதியின்றி ஏற்றி விளம்பர வருமானம் பார்த்த ஒருவருக்கு, செண்டாய் மாவட்ட நீதிமன்றம் 2023 செப்டம்பரில் இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனையும் 10 லட்சம் யென் அபராதமும் விதித்தது. சிறைத் தண்டனை ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. கேம் விளையாட்டுக் காணொளிக்காக ஜப்பானில் நடந்த முதல் கைது அந்த வழக்கில்தான்.

விமர்சனத்தின் நிலை வேறு. நடுநடுவே நிறுத்தி, குறைகளைச் சுட்டிக்காட்டி, சிறு சிறு பகுதிகளாக எடுத்தாளும் காணொளி நியாயமான பயன்பாட்டின் மையத்திலேயே வரும். 2017-இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம், வேறொருவரின் நகைச்சுவைக் காணொளியைத் துண்டு துண்டாகக் காட்டிக் கேலியாக விமர்சித்த இரண்டு யூடியூபர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் பிறர் காணொளியைப் பார்த்தபடி கருத்துச் சொல்லும் எதிர்வினைக் காணொளிகள் எல்லாமே இப்படித் தப்பிவிடும் என்று பொருளல்ல என்பதையும் அதே தீர்ப்பு குறிப்பிட்டது. பேசிக்கொண்டே கேமை விளையாடிக் காட்டும் முழுநீள ‘லெட்ஸ் ப்ளே’ காணொளிகள் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் எங்கோ தொங்கிக்கொண்டிருக்கின்றன. வழக்குச் செலவைத் தாங்கும் யூடியூபர்கள் குறைவு. ரசிகர்களைப் பகைத்துக்கொண்டு வழக்கை நடத்தி, தோற்றால் எல்லாருக்கும் வழி திறந்துவிடும் என்ற அச்சம் நிறுவனங்களுக்கும் உண்டு. ஆகவே சட்டம் தெளிவாகாமல் கிடப்பதே இரு தரப்புக்கும் பழகிப்போன ஏற்பாடாகிவிட்டது. அந்தத் தெளிவின்மையில் கோரிக்கைப் படிவம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே நடக்கிறது.

அந்தப் படிவத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால், பதிப்புரிமையோடு நேரடித் தொடர்பில்லாத காரணங்களும் அகப்படுகின்றன.

பணம் என்பது வெளிப்படையான காரணம். 2013 மே மாதத்தில் ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோ, தன் கேம்களைக் கொண்ட நீண்ட காணொளிகளில் கன்டென்ட் ஐடி வழியாகத் தன் விளம்பரங்களை வைக்கத் தொடங்கியது. காணொளிகள் முடக்கப்படவில்லை, வருமானம் மட்டும் இடம் மாறியது. எதிர்ப்பு எழுந்தபின் 2015 ஜனவரியில் நிண்டெண்டோ கிரியேட்டர்ஸ் புரோகிராம் என்றொரு திட்டம் வந்தது. காணொளியைத் தனியாகப் பதிவுசெய்தால் நிண்டெண்டோவுக்கு வரும் விளம்பரப் பணத்தில் 60 விழுக்காடும், சேனலையே பதிவுசெய்தால் 70 விழுக்காடும் படைப்பாளிக்குக் கிடைக்கும். ஆனால் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் உள்ள கேம்களுக்கு மட்டுமே இது பொருந்தும். சேனலைப் பதிவுசெய்தவர் அந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள எதையும் அதில் வைத்திருக்கக் கூடாது. 2017-இல் அத்தகைய சேனல்கள் நேரலை செய்வதும் தடைசெய்யப்பட்டது. கேம் உலகம் ட்விட்ச் என்ற தளத்தின் நேரலைகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வந்த தடை இது. 2018 இறுதியில் நிண்டெண்டோ அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, பொதுவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது: படைப்பாளியின் சொந்தப் பங்களிப்பு இருக்க வேண்டும், யூடியூப் போன்ற தளங்களின் அதிகாரப்பூர்வ வழிகளில் வருமானம் ஈட்டலாம், வெறும் நகலாக ஏற்றக் கூடாது. பொருந்தாது என்று கருதும் காணொளியை நீக்கும் உரிமையை மட்டும் அது கைவிடவில்லை.

விமர்சனத்தின் வாயை அடைக்க அதே கருவியைப் பயன்படுத்தியதற்கு 2013 அக்டோபரில் நடந்தது தெளிவான சான்று. வைல்ட் கேம்ஸ் ஸ்டுடியோ என்ற சிறு நிறுவனம் ‘டே ஒன்: கேரிஸ் இன்சிடென்ட்’ என்ற கேமை வெளியிட்டிருந்தது. டோட்டல்பிஸ்கட் என்ற பெயரில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் விமர்சகர் ஜான் பெய்ன், கேமைத் திறக்க அந்த நிறுவனமே கொடுத்த குறியீட்டைக் கொண்டு விளையாடி, கேமின் கோளாறுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கடுமையாக விமர்சித்தார். காணொளி லட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. பிறகு அது நீக்கப்பட்டு, சேனலுக்கு ஸ்ட்ரைக் விழுந்தது. தங்கள் கேமை வைத்து அவர் விளம்பர வருமானம் பார்க்க உரிமையில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். அதே கேமைக் காட்டி விளம்பர வருமானம் பார்த்த வேறு காணொளிகள் தொந்தரவின்றி இருந்தன என்பதை பெய்ன் எடுத்துக்காட்டியபோது அந்தக் காரணம் சாயம் வெளுத்துப்போனது. நடந்ததை விளக்கி அவர் வெளியிட்ட இரண்டாவது காணொளி முதலாவதைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கியது. சில நாட்களில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. பெய்னுக்கு இருந்த பார்வையாளர் கூட்டம்தான் அவரைக் காப்பாற்றியது. ஆயிரம் பேர் பின்தொடரும் ஒருவருக்கு இது நடந்திருந்தால் நமக்குச் செய்தியே தெரிந்திருக்காது.

கதையின் முடிவு முன்கூட்டியே வெளியாகாமல் காக்கவும் இந்த மிரட்டல் பயன்பட்டிருக்கிறது. 2017 ஏப்ரலில் ‘பெர்சோனா 5’ ஆங்கிலத்தில் வெளியானபோது, கேமுக்குள் ஓடும் நாட்காட்டியில் ஜூலை 7-ஐத் தாண்டி நேரலை செய்யக் கூடாது, மீறினால் கன்டென்ட் ஐடி கிளெய்மோ ஸ்ட்ரைக்கோ வரலாம் என்று அந்த கேமின் நிறுவனமான அட்லஸ் அறிவித்தது. பிளேஸ்டேஷன் 4 கருவியில் காட்சியைப் பதிவுசெய்து பகிர உதவும் பொத்தானும் அந்த கேமில் வேலை செய்யாது. நூறு மணி நேரம் பிடிக்கும் கேமில் அந்தத் தேதி பாதி வழிகூட இல்லை. கண்டனம் வலுத்தபின் எல்லை நவம்பர் 19 வரை தள்ளிவைக்கப்பட்டது. இந்த விஷயத்தில் எனக்கு அட்லஸின் கவலை புரிகிறது. ஆனால் சேனலையே மூடச்செய்யும் ஆயுதத்தைக் காட்டி ரசிகர்களிடம் ரகசியம் காக்கச் சொல்வது பொருத்தமாகப் படவில்லை.

சிக்கலான நிகழ்வு ‘ஃபயர்வாட்ச்’ கேமுடையது. 2017 செப்டம்பரில் புகழ்பெற்ற யூடியூபர் பியூடிபை, வேறொரு கேமின் நேரலையில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைப் பயன்படுத்தினார். ஃபயர்வாட்சை உருவாக்கிய காம்போ சாண்டோவின் இணை நிறுவனர் ஷான் வானமன், இனி இவருடைய பெயரோடு எங்கள் கேம் சேர்ந்திருக்க வேண்டாம் என்று முடிவெடுத்து, அவருடைய பழைய ஃபயர்வாட்ச் காணொளியின் மீது டிஎம்சிஏ கோரிக்கை அனுப்பினார். அந்தக் காணொளியில் இழிசொல் எதுவும் இல்லை. எல்லாரும் தாராளமாக நேரலை செய்யலாம், வருமானமும் பார்க்கலாம் என்று அந்த நிறுவனமே தன் தளத்தில் எழுதி வைத்திருந்தது. கோபத்துக்கு நியாயமான காரணம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் இந்த நிகழ்வு வேறொன்றைப் பட்டவர்த்தனமாகக் காட்டிவிட்டது: கேம் காணொளித் தொழில் நிறுவனங்களின் அனுமதியில் நிற்கிறது, கொடுத்த அனுமதியை, ஒருவருக்கு மட்டும், பதிப்புரிமைக்குத் தொடர்பில்லாத ஒரு காரணத்துக்காகவும் திரும்பப் பெறப் பார்க்கலாம். எழுதிவைத்த பொது அனுமதியை அப்படித் திரும்பப் பெறுவது செல்லுமா என்பதும் நீதிமன்றம் போகவில்லை.

ஆகவே புதிதாகச் சேனல் தொடங்குபவர் சட்டப் புத்தகத்துக்கு முன்னால் படிக்க வேண்டியது, தாம் விளையாடப்போகும் கேமின் காணொளிக் கொள்கையை. மைக்ரோசாஃப்ட், வால்வ், ரயட் போன்றவை இதற்கெனத் தனிப் பக்கமே வைத்திருக்கின்றன. வால்வ் பொதுவாக வணிகப் பயன்பாட்டை அனுமதிக்காது. ஆனால் யூடியூப்பின் விளம்பரப் பங்கு போன்றவற்றைத் தடுப்பதில்லை. கொள்கை தாராளமாக இருந்தாலும் கேமில் ஒலிக்கும் பாட்டு மாட்டிவிடக்கூடும். கேம் நிறுவனம் அந்தப் பாட்டைக் கேமுக்குள் பயன்படுத்த மட்டுமே இசை நிறுவனத்திடம் உரிமம் வாங்கியிருக்கும். யூடியூபரின் காணொளிக்கு அது நீளாது. கிளெய்ம் அனுப்பியது கேம் நிறுவனம் என்று நினைத்துக் கொதிப்பவர்கள் பலர், விவரப் பகுதியைத் திறந்து பார்த்தால் அங்கே ஏதாவது ஓர் இசை நிறுவனத்தின் பெயர் இருக்கும். ‘சைபர்பங்க் 2077’ போன்ற கேம்களில் உரிமம் பெற்ற பாடல்களை ஒலிக்காமல் செய்யும் நேரலை அமைப்பு தனியாக இருப்பது இதனால்தான்.

கிளெய்ம் வந்துவிட்டால், சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவில் அந்தக் காணொளிக்கு நேரே ‘காப்பிரைட்’ என்று காட்டும். அதைத் திறந்தால் கோரியவர் பெயரும், எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்பதும் தெரியும். அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டாக இருந்தால் ஒலியை அடக்கலாம் அல்லது மாற்றலாம், இல்லையேல் எதிர்க்கலாம். எதிர்ப்புக்குப் பதில் சொல்லக் கோரியவருக்கு 30 நாட்கள் அவகாசம். கிளெய்ம் வந்த ஐந்து நாட்களுக்குள் எதிர்த்துவிட்டால் முதல் நாளிலிருந்தே வருமானம் தனியே நிறுத்திவைக்கப்பட்டு, முடிவில் வென்றவருக்குப் போகும். தாமதித்தால் எதிர்ப்புத் தெரிவித்த நாளிலிருந்துதான் நிறுத்திவைக்கப்படும். வெளியான முதல் வாரத்தில்தான் பெரும்பாலான காணொளிகளுக்குப் பார்வைகள் குவியும் என்பதால் இந்த ஐந்து நாள் கணக்கை மறக்கக் கூடாது.

ஸ்ட்ரைக்கை எதிர்ப்பது இதைவிடக் கனமான காரியம். டிஎம்சிஏ-வின் எதிர் அறிவிப்பில் உண்மைப் பெயரும் முகவரியும் தர வேண்டும்; அவை கோரிக்கை அனுப்பியவருக்குப் போகும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர், யூடியூப் இயங்கும் இடத்தின் அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்புக்குத் தாம் உடன்படுவதாகவும் ஒப்புதல் அளிக்க வேண்டும். மதுரையிலோ மட்டக்களப்பிலோ இருந்து கேம் காணொளி போடும் ஒருவர் கலிஃபோர்னியாவில் வழக்கைச் சந்திக்கத் தயார் என்று கையொப்பமிடுவதற்கு ஒப்பானது இது. அதன்பின் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் எதிர்த்தரப்பு வழக்குத் தொடராவிட்டால் காணொளி மீண்டும் வர வேண்டும். நியாயமான பயன்பாடா என்று யோசித்துப் பார்த்த பிறகே கோரிக்கை அனுப்ப வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் சொல்லியிருக்கிறது. குழந்தை ஒன்று பாட்டுக்கு ஆடும் 29 நொடிக் காணொளி தொடர்பான அந்த வழக்கு 2007-இல் தொடங்கி 2018-இல்தான் சமரசத்தில் முடிந்தது. இந்த ஆண்டுக் கணக்கே, சாதாரண யூடியூபர்கள் ஏன் வழக்கு வரை போவதில்லை என்பதற்குப் போதுமான விளக்கம்.

இந்தியச் சட்டம் சற்று மாறுபட்டது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52-இல், சொந்தப் பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கான நியாயமான கையாள்கையை விதிவிலக்காகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பொழுதுபோக்காக விளையாடிக் காட்டுவது இந்தப் பட்டியலில் எளிதில் அடங்காது, மதிப்புரை அடங்கும். தளத்துக்குப் புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் பொருளை மறைக்க வேண்டும், 21 நாட்களுக்குள் புகார்தாரர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் தளம் அதை மீண்டும் காட்டலாம் என்பது இங்குள்ள விதி. நடைமுறையில் யூடியூப்பின் படிவங்கள் அமெரிக்க முறையையே பின்பற்றுவதால், தமிழ் கேமிங் சேனல்காரர்களும் முதலில் சந்திப்பது அந்த முறையைத்தான்.

பதில் எழுதுவதற்கு முன்னால், கோரிக்கையை அனுப்பியவர் உண்மையிலேயே அந்த நிறுவனம்தானா என்றும் பார்க்க வேண்டும். 2022 மார்ச்சில் ‘டெஸ்டினி 2’ கேமின் ரசிகர்கள் பலருடைய காணொளிகள் திடீரென நீக்கப்பட்டன; கேமை உருவாக்கிய பஞ்சி (Bungie) நிறுவனத்தின் சொந்தச் சேனலில் இருந்த காணொளிகளும் அவற்றில் அடக்கம். பதிப்புரிமைப் பணிகளை பஞ்சிக்காகக் கவனிக்கும் நிறுவனத்தின் பெயரில் யாரோ ஜிமெயில் கணக்குகளைத் தொடங்கி 96 பொய்க் கோரிக்கைகளை அனுப்பியிருந்தார். தான் ஏற்றியிருந்த கேம் இசை முறையான கோரிக்கையால் நீக்கப்பட்ட ஆத்திரத்தில் அவர் இதைச் செய்தார் என்று பஞ்சி சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2023-இல் தீர்ப்பும் பஞ்சிக்குச் சாதகமாக வந்தது. அந்த மனுவில் பஞ்சி குற்றம்சாட்டியது அந்த ஒருவரை மட்டுமல்ல. எந்த உரிமையாளரின் பிரதிநிதி என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டு படிவத்தை நிரப்பி அனுப்பும்படி யூடியூப்பின் முறை திறந்து கிடந்ததையும் அது எழுத்தில் பதிவுசெய்தது.